முதிய பூனையும் உரோம உருண்டையும்



34 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் வானொலியில் பேச வந்தால், கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நானோ இன்று பூனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் வயது முதிர்ந்த பூனையைப் பற்றி. அதிலும் குறிப்பாக அதன் வயிற்றைப் பற்றி. இதில் சிரிப்பதற்கு இடம் உண்டு. ஆனால் சிறிது நேரம் பொறுத்துக் கேட்பீர்களாயின், நான் படித்த பாடம் ஒன்று உங்களுக்கும் பயன்படக்கூடும். அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர்கள் இருவர். ஒருத்தி ஏழாம் வகுப்பில் படித்துவந்த என் பேத்தி. மற்றொன்று எங்கள் வீட்டுப் பூனை.

அந்தப் பூனைக்குப் பூசை என்று பெயர். பழந்தமிழில் பூனையைப் பூசை என்றும், காட்டுப் பூனையை வெருகு என்றும் வழங்கினர். 2010ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே பிறந்து, தாயை இழந்து கிடந்த சாம்பல் நிறக் குட்டி அது. தமிழாசிரியன் வீட்டில் வளரும் பூனைக்குத் தமிழ்ப் பெயரே இருக்கட்டும் என்று அப்பெயரை இட்டேன். அதனால் சில குழப்பங்களும் நேர்ந்தன. “பூசை முடிந்ததா?” என்று கேட்டு வாசலில் நின்ற விருந்தினரிடம், “பூசை கூரைமேல் உறங்குகிறது” என்று என் மனைவி விடை சொன்னதுண்டு.

நாங்கள் குடியிருப்பது தல்லாகுளத்தில். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை நிகழும் இடம் இது. ஆண்டாள் சூடிய மாலையை அழகர் அணிந்துகொள்வதும் இங்குள்ள பெருமாள் கோயிலில்தான். ஆகவே சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் உறவினர் கூட்டத்திற்குக் குறைவிராது. 2024ஆம் ஆண்டில் ஏப்ரல் 23ஆம் நாள் அழகர் வைகையில் இறங்கினார். அதற்கு முன்னரே ஊரெங்கும் வெயில் கொளுத்தியது. பூசைக்கு அப்போது வயது 14. மனிதக் கணக்கில் ஏறத்தாழ 70 என்று சொல்லலாம். என்னைவிடச் சற்று மூத்தது.

விழாவிற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அது கட்டிலின் அடியில் பதுங்கிக் குனிந்து, வயிற்றை உள்ளிழுத்து, ‘கக், கக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. ஒரு நாள் விரல் நீளத்தில், கயிறு திரித்தாற்போன்ற ஓர் உரோமத் திரளையைக் கக்கியது. “உரோமந்தான், வெளியே வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை” என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அது ஓங்கரித்த ஒவ்வொரு முறையும் அதே சொல்லைச் சொன்னேன். நோய்க்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டோம் என்றால், அந்த நோயைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்ற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது. அந்த மயக்கத்தால் நான் செய்த தவறுகளைப் பிறகு கூறுகிறேன். முதலில் உரோம உருண்டை என்பது யாது, அது எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம்.

பூனையின் நாக்கு உங்கள் கையில் பட்டிருந்தால் அது அரம் போலச் சொரசொரப்பாக இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். அந்த நாவின்மேல் நூற்றுக்கணக்கான சிறு முட்கள் தொண்டையை நோக்கி வளைந்து நிற்கின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை அவை. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்னும் இருவர், வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி வரை ஆறு வகைப் பூனையினங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். அம்முட்களின் நுனி சிறு கரண்டிபோலக் குழிந்திருக்கிறது என்றும், அக்குழி உமிழ்நீரை வாயிலிருந்து ஈர்த்து உரோமத்தின் அடிவரை கொண்டு சேர்க்கிறது என்றும் அவர்கள் கண்டனர். உமிழ்நீர் அழுக்கைப் போக்குவதோடு, காய்ந்து ஆவியாகும்போது உடலைக் குளிரவும் செய்கிறது. மதுரை வெயிலில் பூனை ஓயாமல் தன்னை நக்கிக்கொண்டிருப்பதில் ஒரு பயன் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இந்த அருமையான சீப்பில் ஒரு குறையும் உண்டு. நாம் சீப்பில் சிக்கிய முடியைக் கையால் எடுத்து எறிந்துவிடுகிறோம். பூனையின் நாமுட்களோ உட்புறமாக வளைந்தவை. ஆகையால் அவற்றில் சிக்கிய உரோமத்தைப் பூனையால் துப்ப இயலாது, விழுங்கத்தான் வேண்டும். விழுங்கிய உரோமம் செரிப்பதில்லை. பெரும்பகுதி குடல் வழியாகச் சென்று மலத்துடன் வெளியேறிவிடும். நலமான பூனைக்கு இது நாள்தோறும் நமக்குத் தெரியாமலே நடந்துவருகிறது. எஞ்சிய சிறுபகுதி இரைப்பையில் தங்கி, கோழையுடன் கலந்து, கம்பளி நெய்வோர் திரட்டும் கம்பளத் துணிபோல இறுகிவிடும். அதனைப் பூனை கக்குகிறது. உருண்டை என்று நாம் சொன்னாலும் அது வெளிவரும்போது உருண்டையாக இருப்பதில்லை. குறுகிய உணவுக்குழாய் வழியே பிதுங்கி வருவதால் நீண்ட திரியைப் போல இருக்கிறது.

விலங்கின் வயிற்றில் இவ்வாறு திரளும் பொருள்களை மனிதர் ஒரு காலத்தில் அருமருந்தாகப் போற்றினர் என்றால் வியப்படைவீர்கள். ஆட்டின் வயிற்றில் உண்டாகும் கல்லைப் பெசோவார் என்று அழைத்தனர். ‘நஞ்சை நீக்குவது’ என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் இக்கல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுத்த கோரோசனையும் இவ்வாறு விலங்கின் உடலில் விளைந்ததே. ஆனால் அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். இந்த நம்பிக்கையைச் சோதித்தவர் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே. ஒன்பதாம் சார்லசு மன்னனின் சமையற்காரன் ஒருவன் வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்தான். நஞ்சை உண்டு, பின் பெசோவார்க் கல்லையும் உண்டு பிழைத்தால் விடுதலை என்று அவனிடம் சொன்னார்கள். அவன் ஒப்புக்கொண்டான், சில மணி நேரம் துடித்து உயிர் துறந்தான். எல்லாரும் நம்பி வந்த மருந்து பொய் என்பது அந்த ஏழையின் உயிரைப் பலிகொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. கைவைத்தியத்தில் கண்மூடி நம்பிக்கை வைப்போர் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது. நானும் அவர்களுள் ஒருவனாகத்தான் இருந்தேன்.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். பூசை ஓங்கரிப்பது நிற்கவில்லை. உண்ணும் சோறும் குறைந்தது. “வயிறு கட்டிக்கொண்டிருக்கும், பால் வைத்தால் இளகும்” என்று ஓர் உறவினர் சொன்னார், பால் வைத்தேன். மறுநாள், “விளக்கெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் உரோமம் முழுவதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்” என்றார் மற்றொருவர். அதன் வாயைப் பிடித்துத் திறந்து எண்ணெயை ஊற்றினேன். பூசை திமிறியது. சிறிது எண்ணெய் புரையேறிவிட்டது. அன்று இரவு அதன் மூச்சு இரைந்ததைக் கேட்டுக்கொண்டே எதிர்சேவைக்குப் புறப்பட்டேன். விழா முடிந்து உறவினர் சென்ற மறுநாள் காலை, என் பேத்தி அருகில் வந்து நின்றாள்.

“தாத்தா, பூசை நான்கு நாளாக மண்தொட்டியில் ஒன்றுமே செய்யவில்லை. போய் உட்கார்ந்து முக்கிவிட்டு எழுந்து வந்துவிடுகிறது” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“நான் பார்த்தேன்” என்றாள். அவ்வளவுதான் அவள் விடை.

கூடையில் வைத்து அதனைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். மருத்துவர் ஓர் இளம் பெண்மணி. பூனையைத் தொடுமுன் என்னைக் கேள்வி கேட்டார். “ஐயா, எத்தனை நாளாக வாந்தி? ஒரு நாளில் எத்தனை முறை? வந்தது உரோமமா, உணவா, நுரையா? உணவு உண்டபின் எவ்வளவு நேரம் கழித்து? தண்ணீர் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறதா? சிறுநீர் எப்படி?” 34 ஆண்டுகள் நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் குறி இட்டவன் நான். எந்த மாணவன் எந்த நாளில் வரவில்லை என்பதைக் கேட்டால் அன்று சொல்லக்கூடியவன். அந்த அம்மையாரின் கேள்விகளுள் ஒன்றுக்கேனும் என்னால் விடை சொல்ல முடியவில்லை.

பேத்தி தன் கணக்குக் குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பதினாறு நாள்களில் வாந்தி ஒன்பது முறை. அவற்றுள் உரோமம் வந்தது ஒரே முறை. மற்ற எட்டு முறையும் நுரையும் செரிக்காத உணவும். தண்ணீர்க் கிண்ணம் இரு முறை காலியானது. மருத்துவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “ஐயா, உரோமம் ஒரு முறைதான் வந்திருக்கிறது. மீதி எட்டு முறையையும் எதற்குக் கணக்கு வைத்தீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

எடை பார்த்தபோது 3.1 கிலோ. முன்பு தடுப்பூசி போட்டபோது அட்டையில் குறித்திருந்த எடை 4.2 கிலோ. நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! நாள்தோறும் மடியில் வைத்துத் தடவியும் அடர்ந்த உரோமத்திற்குள் உடல் மெலிந்ததை நான் அறியவில்லை. இரத்தச் சோதனையில் சிறுநீரகங்கள் தளர்ந்திருப்பது தெரியவந்தது. அதனால் உடலில் நீர் வற்றியது. நீர் வற்றியதால் பெருங்குடலில் மலம் கல்லாக இறுகியது. இரண்டும் சேர்ந்து வாந்தியை உண்டாக்கின. நான் ஊற்றிய எண்ணெய் நுரையீரலிலும் சிறிது சென்று தங்கியிருந்தது. தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றி, மலத்தை மெல்ல அகற்றி, நுரையீரலுக்கு மருந்து கொடுத்து, ஒரு வாரம் போராடி அதனை மீட்டார் அந்த மருத்துவர்.

மாணவர்களே, இதிலிருந்து அறிய வேண்டிய முதல் உண்மை இது: எப்போதேனும் ஒரு முறை உரோமம் கக்குவது பூனைக்கு இயல்பு, அடிக்கடி கக்குவது நோயின் அறிகுறி. உரோமம் மிகுதியாக உள்ளே சென்றாலும் கக்கும். உள்ளே சென்ற உரோமத்தைக் குடல் நகர்த்தத் தவறினாலும் கக்கும். தெள்ளுப்பூச்சியோ தோல் அரிப்போ இருந்தால் பூனை அளவுக்கு மீறி நக்கும். அப்போது உரோமம் மிகும். குடலில் அழற்சியோ கட்டியோ இருந்தால் நகர்வு குன்றும். அப்போது உரோமம் தேங்கும். ஆகவே உரோமத்தைக் குற்றம் சொல்வதோடு நில்லாமல் அதன் பின்னால் இருப்பது எது என்று தேட வேண்டும்.

முதுமையில் இத்தேட்டம் மேலும் இன்றியமையாதது. 10 ஆண்டைக் கடந்த பூனையை முதிய பூனை என்று கொள்ளலாம். அவ்வயதில் சிறுநீரகத் தளர்ச்சி மிகப் பரவலாகக் காணப்படுவது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதும் உண்டு. அத்தகைய பூனை நன்றாக உண்ணும், ஆனால் மெலிந்துகொண்டே வரும், வாந்தியும் எடுக்கும். பல் நோயால் மெல்ல முடியாத பூனையும் உண்டு. மூட்டு வலியால் முதுகின் பின்புறத்தை நக்க வளைய முடியாத பூனைக்கு அங்கே உரோமம் சடைபிடித்துப் போகும். இவை யாவும் மெல்ல மெல்ல வருபவை. ‘கிழமாகிவிட்டது, அதுதான்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். முதுமை என்பது நோயன்று. ஆனால் நோய் ஒளிந்துகொள்ள ஏற்ற இடம்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியப் பகுதியில் வாழ்ந்த காட்டுப் பூனைகள் என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அவை, உண்ணும் இரையிலிருந்தே தமக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் பெற்றன. ஆகவே பூனைக்குத் தாகம் எளிதில் எடுப்பதில்லை. உலர்ந்த தீனியை மட்டும் உண்டு, சிறிதளவே நீர் குடித்து, மதுரைக் கோடையில் படுத்திருக்கும் கிழப் பூனையின் குடல் வறண்டுபோவதில் வியப்பில்லை.

இனிச் செய்யத் தகாதவற்றைச் சொல்கிறேன். இவற்றுள் சிலவற்றை நானே செய்து கெட்டேன். எந்த எண்ணெயையும் வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் நழுவிச் சென்றால் நுரையீரல் அழற்சி உண்டாகும். பால் மருந்தன்று, வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுவதால் வயிற்றுப்போக்கு உண்டாகும். மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுப்பது கொலைக்குச் சமம். சுரத்திற்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கவல்லது. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலில் மிகக் குறைவு. மலச்சிக்கலுக்காகக் கடையில் விற்கும் எனிமாக்களுள் பாசுபேட்டு கலந்தவையும் பூனைக்கு நஞ்சே. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே குழம்புச் சோறு வைக்கலாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. தளர்ந்த சிறுநீரகத்திற்கு அது சுமை.

மதுரை வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் ஊர் மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் அடைந்தது. அந்த மல்லிகையைத் தொடுத்த நூலோ வாழைநாரோ, பூ வாடியபின் தரையில் கிடந்தால் பூனைக்கு அது விளையாட்டுப் பொருள். விளையாடும்போதே விழுங்கிவிடும், நாமுட்கள் உட்புறமாக வளைந்தவை என்று சொன்னேன் அன்றோ? நூலின் ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் சென்றால், சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தாற்போலக் குடல் சுருங்கி அறுபட்டுப் போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வாடிய பூச்சரத்தைக் குப்பைக் கூடையில் மூடி வையுங்கள்.

பூனை புல் தின்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் வீட்டு முற்றத்து அறுகம்புல்லைப் பூசை விரும்பிக் கடிக்கும். வயிற்றுக் கோளாறு வந்தால்தான் பூனை புல் தின்னும் என்றும், தின்றால் வாந்தி எடுக்கும் என்றும் நாம் எண்ணுகிறோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்துக் கால்நடை ஆய்வாளர்கள் பூனை வளர்ப்போர் பலரைக் கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல் தின்ற பூனைகளுள் அடிக்கடி வாந்தி எடுப்பவை சிறுபான்மையே. அது முன்னோரிடமிருந்து வந்த இயல்பு. பூச்சி மருந்து தெளிக்காத புல்லாக இருந்தால் போதும். குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும். ஆனால் அதனை மருந்தென்று அரைத்துக் கொடுக்கக் கூடாது. மனிதருள்ளேயே சிலருக்கு அது இரத்த அணுக்களைச் சிதைத்திருப்பதை மருத்துவர் பதிவு செய்திருக்கின்றனர்.

செய்யத் தக்கவை எளியவையே. முதலாவது, சீப்பு. நாள்தோறும் ஐந்து நிமிடம் மென்மையாகச் சீவி விடுங்கள். சீப்பில் வந்த உரோமம் வயிற்றுக்குள் போகாத உரோமம். இரண்டாவது, நீர். அகன்ற வாயுடைய கிண்ணங்களில் வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் புதிய நீர் வையுங்கள். உணவிலும் நீர் கலந்து கொடுங்கள். மூன்றாவது, உணவு. பூனை ஊன் உண்ணும் உயிர். தயிர்ச்சோற்றால் மட்டும் அதனை வளர்க்க இயலாது. உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியோ மீனோ, மருத்துவர் சொல்லும் பூனை உணவோடு, சிறு சிறு பங்காகப் பல வேளை கொடுக்கலாம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் எவ்வளவு ஊன் தரலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வேகவைத்து மசித்த பரங்கிக்காயும் உரோமத்தை வழுக்கிச் செல்லச் செய்யும் பசைகளும் சில பூனைகளுக்கு உதவும். நீர் வற்றிய பூனைக்கு நார்ப்பொருள் மேலும் சிக்கலை உண்டாக்கும். ஆகையால் இவற்றையும் மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். நான்காவது, மண்தொட்டி. மூட்டு வலியுள்ள கிழப் பூனை உயர்ந்த விளிம்பைத் தாண்ட அஞ்சி மலத்தை அடக்கிக்கொள்ளும். தொட்டியின் ஒரு புறத்தைத் தாழ்வாக வெட்டி வையுங்கள். பூசையின் தொட்டியை நான் அரிவாளால் வெட்டியபோது, இதனை இரண்டு ஆண்டு முன்னரே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ஒரு நாளுக்கு மேல் உண்ணாதிருத்தல், மீண்டும் மீண்டும் ஓங்கரித்தும் ஒன்றும் வாராமை, இரண்டு மூன்று நாள் மலம் கழியாமை, வாந்தியில் இரத்தம், சோர்ந்து ஒளிந்துகொள்ளுதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடுவன் பூனை தொட்டியில் அமர்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள், சிறுநீர் அடைத்திருக்கலாம். அது மணிக்கணக்கில் உயிரைக் குடிக்கும். கழுத்தை நீட்டித் தரையோடு தாழ்ந்து இருமி, ஒன்றும் வெளிவராமல் போனால், அது உரோமமன்று, ஆஸ்துமா இழுப்பாக இருக்கலாம். அலைபேசியில் அக்காட்சியைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது பெரிதும் உதவும்.

உரோம உருண்டையே நேரடியாக உயிருக்கு உலை வைப்பதும் உண்டு, அரிதாயினும் உண்டு. 2013ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், டை என்னும் பெயருடைய 17 வயதுப் புலி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் உணவு கொள்ளவில்லை. 400 பவுண்டு எடையுள்ள அந்த முதிய புலியை மயக்கி அறுவை செய்து, 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ எடையுள்ள உரோம உருண்டையை மருத்துவர்கள் அகற்றினர். புலியாயினும் பூனையாயினும் அது சொல்லத் தெரிந்த மொழி ஒன்றுதான்: உண்ண மறுத்தல். அந்தப் புலி பிழைத்தது, அதைப் பராமரித்தவர்கள் அம்மொழியைப் புரிந்துகொண்டதால்.

இவ்வுயிர்களுக்கு மருத்துவம் செய்வதற்கென்றே நம் நாட்டில் பெரிய கல்வி உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் நிறுவப்பட்டது. மாட்டையும் ஆட்டையும் கோழியையும் காப்பது உழவர் வாழ்வைக் காப்பது. வீட்டுப் பூனைக்கும் அங்கே பாடம் உண்டு. உங்களுள் சிலர் அத்துறைக்குச் செல்லக்கூடும். அவர்களிடம் ஒன்று சொல்வேன்: நோயாளி வாய் திறந்து பேசாத மருத்துவம் அது. ஆகவே உடன் வருபவர் கண்டு சொல்வதே பாதி நோயறிதல். அதைக் கேட்கத் தெரிந்திருந்தார் எங்கள் மருத்துவர். சொல்லத் தெரிந்திருந்தாள் என் பேத்தி. நடுவில் நின்ற நான்தான் இரண்டும் அறியாதவனாக இருந்தேன்.

அன்று வீடு திரும்பியதும் பள்ளியில் பயன்படுத்தியதைப் போன்ற கட்டம் போட்ட நீண்ட பதிவேடு ஒன்றை வாங்கினேன். உணவு, நீர், வாந்தி, மலம், எடை என்று ஐந்து பத்திகள். ஞாயிறுதோறும் காய்கறி நிறுக்கும் தராசில் கூடையோடு வைத்து எடை பார்த்தோம். முதல் மாதத்திலேயே ஓர் உண்மை புலனாயிற்று. நீர் குறைந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து மலச்சிக்கலும், அதற்கு மறுநாள் வாந்தியும் வந்தன. ஊகம் செய்த 14 ஆண்டுகளில் தெரியாதது, குறித்து வைத்த 30 நாளில் தெரிந்துவிட்டது. அதன்பின் நீர் குறைந்த அன்றே உணவில் நீர் சேர்த்தோம்; வாந்தி மாதத்திற்கு ஒன்றாகக் குறைந்தது.

பூசை மேலும் 13 மாதங்கள் வாழ்ந்தது. 3.1 கிலோ 3.5 வரை ஏறியது; பின் மெல்ல இறங்கியது. இறுதியில் சிறுநீரகம் முற்றும் தளர்ந்து, 2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஒரு விடியற்காலையில், அறுகம்புல் முளைத்த முற்றத்தில் என் பேத்தியின் அருகிலேயே அமைதியாக அடங்கியது. நானும் அவளும் அதே முற்றத்தில் அதனைப் புதைத்தோம். நான் அந்த எட்டு முறையையும் சரியாகக் கணக்கிட்டு இரண்டு வாரம் முன்னரே சென்றிருந்தால் இன்னும் சிறிது காலம் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அதனை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பதிவேடு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் கடைசி வரியைப் பேத்திதான் எழுதினாள். உணவு என்ற பத்தியில் ‘இல்லை’. நீர் என்ற பத்தியில் ‘இரண்டு மிடறு, நான் விரலால் கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறாள். என் ஆசிரியப் பணியில் எத்தனையோ பதிவேடுகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். இத்தனை கவனத்தோடு எழுதப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை.

உங்கள் வீட்டில் முதிய பூனை இருக்குமாயின், இன்று மாலையே அதனை மடியில் எடுத்துச் சீவிவிட்டு, அதன் எடையைப் பார்த்து, ஒரு தாளில் நாளிட்டுக் குறித்து வையுங்கள்.